இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளி

அரியலூரைவிட்டு நாங்கள் வீடு மாறியது சாமி உத்தரவு என்றுதான் என் மனைவி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அது சாமி உத்தரவு இல்லை. நான் செய்த வேலை.

எழுபதுகளின் கடைசி அது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் அரியலூர் கடைத்தெருவில் கூலிக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தேன். சொந்தமாக மிஷின் வாங்கியதும் எந்த ஊரில் தொழில் போடுவது என்ற பேச்சு வந்தது. என் மனைவிக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அவளுடைய அம்மா அரியலூரில் தனியாக இருந்தார். அதே தெருவில் ஒரு வீடும் காலியாக இருந்தது.

எனக்கு வேறு ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும், உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்க வேண்டும், பாறையைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும் என்று உடம்பு துடிக்கும். பெரம்பலூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஓர் ஊருக்குக் கல்யாணத் துணிக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். பார்த்த அன்றே வருஷம் முழுவதையும் மனதுக்குள் பிரித்துவிட்டேன். கோடையில் வயல் கிணறு. ஐப்பசி மழைக்கு ஏரி நிரம்பினால் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீச்சல். தையிலும் மாசியிலும் வெயில் ஏறும் முன்பே மலைப்பாறை. ஒரு மாதம்கூடச் சும்மா போகாது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரியையும் ரயிலையும்தானே வேடிக்கை பார்க்கலாம்?

மனைவியிடம் அங்கே தையல்காரரே இல்லை, தொழில் நன்றாக ஓடும் என்றேன். அவள் அரைமனதாகக் கேட்டுவிட்டு, “நமக்குள்ள எதுக்குங்க வாக்குவாதம்? அய்யனார்கிட்ட பூக்கேட்டுடுவோம்” என்றாள்.

எங்கள் குலசாமி கோயில் விக்கிரமங்கலம் பக்கம். வெள்ளை அரளியை ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை இன்னொன்றிலும் மடித்துச் சாமி முன்னால் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது வழக்கம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, குளத்தில் விட்டுவிட வேண்டும். வெள்ளை வந்தால் மலையடிவாரம், சிவப்பு வந்தால் அரியலூர் என்று பேசிக்கொண்டோம். பொட்டலம் மடிக்கிற வேலை வீட்டுத் தலைவனுக்கு. கோயிலுக்குப் பின்னால் போய் மடித்தேன். இரண்டிலும் வெள்ளையை வைத்தேன்.

அவள் குளித்த ஈரத்தலையோடு கும்பிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். பூவைப் பார்த்ததும் முகம் வாடியது. அடுத்த நொடியே அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “சாமியே சொல்லிட்டாரு. அப்புறம் என்னங்க” என்றாள். அந்த வாடிய முகத்தை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மிஷினை பஸ் மேலே ஏற்றும்போது மாமியார், “அரியலூர்ல இல்லாத துணியா மாப்ள அங்க கிழியுது?” என்று கேட்டார். நான் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கே நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதையும் மறைக்கக் கூடாது. விடிந்ததும் கிணற்றுக்கோ பாறைக்கோ போய்விட்டு வந்துதான் மிஷினில் உட்காருவேன். “யோவ் டெய்லரு, துணி தைக்க வந்தியா, தவளையாப் பொறந்து வந்தியா?” என்று கிணற்றுக்காரர் கத்துவார். நான் மறுபடி ஏறிக் குதிப்பேன். என் மனைவி அந்த நேரத்தில் தெருக்கோடிப் பம்பில் தண்ணீருக்கு நின்றிருப்பாள்.

மூன்றாம் வருஷம் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பஸ்ஸில் ஏற்றி எங்களோடு கூட்டிவரவும் முடியாது. என் மனைவி பெரம்பலூர் போய் பஸ் மாறி அரியலூர் போவாள். பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்புவாள். அவள் போகாத நாட்களில் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரிதான் கஞ்சி கொடுத்தாள்.

பொறுக்க முடியாமல் ஒருநாள், “அரியலூருக்கே போயிடலாமா?” என்றேன்.

“பூக்கேட்டு வந்த எடம்ங்க. சாமி வாக்க மீறினா அம்மாவுக்கே ஏதாச்சும் ஆயிடும். நான் போயிப் போயி வந்துக்கறேன்.”

“மறுபடி ஒரு தடவ கேட்டுப் பாப்போமே.”

“ஒரு தடவ கேட்டத மறுபடி கேக்கறதா? நம்பிக்கை இல்லாதவங்க செய்யற வேலை அது.”

என் பொய் அவளைக் கட்டிப்போட்டிருந்தது. நான் வாயைத் திறந்தால்தான் அந்தக் கட்டு அவிழும். திறக்கவில்லை. ஆறு மாதம் திறக்கவில்லை. அந்த ஆறு மாதமும் நான் கிணற்றுக்குப் போனேன் என்பதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு கார்த்திகை மாதம் அரியலூரிலிருந்து திரும்பியவள், அம்மாவுக்கு முதுகில் புண் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே அரிசி களைந்தாள். அழவில்லை. “ஏன் சாமி இப்படிச் சோதிக்கிறாருன்னு தெரியலிங்க” என்றாள். சாமியின் மேல் பழி விழுந்ததும் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் கை அரிசித் தண்ணீரிலேயே இருந்தது. “எதுக்காக?” என்று மட்டும் கேட்டாள்.

“குதிக்க... மலை ஏற...” எனக்கே அது சின்னப் பிள்ளை பேச்சாகக் கேட்டது.

“அதச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா நான் வந்திருப்பேனேங்க. அம்மாவையும் கூட்டிட்டே வந்திருப்பேன். சாமிய எதுக்கு நடுவுல இழுத்தீங்க?”

அந்த அரிசியை உலையில் போட்டு எனக்கும் பிள்ளைகளுக்கும் சோறாக்கி வைத்துவிட்டு, பெட்டியோடு பஸ்ஸுக்குப் போனாள். கைவசம் இருந்த துணிகளைத் தைத்து முடித்து, பத்து நாளில் நானும் பிள்ளைகளும் மிஷினோடு பின்னால் போனோம். மாமியாரிடம் அவள், “அங்க தொழில் ஓடலம்மா” என்று சொல்லியிருந்தாள்.

மாமியார் படுக்கையிலிருந்தே என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்காக வந்துட்டீங்களே மாப்ள. நீங்க நல்லா இருக்கணும்.”

பங்குனியில் அவர் போகிறவரைக்கும் என்னை அப்படியேதான் வாழ்த்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் என் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். ஒரு தடவைகூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.