படாத அம்பு

அந்த அம்பை நான் பாசியில் துடைத்தது நன்றாக நினைவிருக்கிறது. ஐப்பசி மாதம், மொன்ட்ரியாலுக்குத் தெற்கே ஒரு பண்ணைக் காடு. மான் பாய்ந்து ஓடிய பக்கம் இலைகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. மானை ஊடுருவி மண்ணில் விழுந்திருந்த அம்பில் இரத்தத்தோடு பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது, நாற்றமும் வந்தது. வயிற்றில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அண்ணை தான் ஏறிக் காத்திருந்த மற்ற மரத்திலிருந்து இறங்கி வருவதற்குள் துடைத்து முடித்துவிட்டேன்.

அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்ல. தொழிற்சாலையில் எனக்கு மேலே வேலை செய்தவர், ரொக்ஸ்பரோவில் வீடு. யாழ்ப்பாணத்தில் கோழிகூட உரித்தறியாத மனிதர், இங்கே வந்து வில் வேட்டை பழகியிருந்தார். அல்பர்ட்டா மலைகளில் எல்க் என்கிற குதிரையளவு மானை வில்லால் வேட்டையாடுவது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்குத் துணையாக என்னைச் சேர்த்துக்கொண்டார். மேற்கே போகுமுன் உள்ளூர் மானிடம் பழகவேண்டும் என்பார்: காற்றின் திசை பார்க்க, அசையாமல் இருக்க, தூரத்தைக் கண்ணால் அளக்க. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போட்ட சட்டையோடு நான் மரத்தில் ஏற, உன் கற்பூர வாசத்துக்கு மான் ஒட்டாவா வரைக்கும் ஓடும் என்று சிரித்தார். அதன்பின் மனைவி மிளகாய் வறுக்காத நாளாகப் பார்த்துத்தான் வேட்டை உடுப்பைக் காயப்போட்டேன். அவ்வளவு ஆசை எனக்கும் பிடித்திருந்தது.

அவருடைய விதிகளில் ஒன்றுதான் கடுமையானது. இருபத்தைந்து மீற்றருக்கு அப்பால் அம்பு விடுகிறவனை எல்க் வேட்டைக்குக் கூட்டிப் போகமாட்டார். நான் விட்டது நாற்பதில்.

அம்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எங்கை பட்டது?"

"படேல்லை அண்ணை."

அம்பை என்னிடமே தந்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார். வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தக்கூடாது, விட்டால் கிட்டவே போய்ப் படுத்துவிடும், காலையில் தேடி எடுக்கலாம் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். அதெல்லாம் தெரிந்துகொண்டே காரில் ஏறி, பாலம் தாண்டி, வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டேன்.

நாலாம் நாள் பண்ணைக்காரர் அண்ணையைத் தொலைபேசியில் கூப்பிட்டார். வாய்க்காலருகே மான் செத்து அழுகிக் கிடந்ததாம். மதிய இடைவேளை, நான் பக்கத்தில்தான் இருந்தேன். அண்ணை தன் அரைகுறைப் பிரெஞ்சில், அது தன்னுடைய அம்புதான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். பத்து வருடமாக அவருக்குத் திறந்திருந்த காடு அன்றோடு மூடியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் தேத்தண்ணீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். அதைக்கூட நான் சொல்லவில்லை.

அடுத்த புரட்டாசியில் அல்பர்ட்டாவுக்கு என்னையே கூட்டிக்கொண்டு போனார். தப்பிவிட்டேன் என்று வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் காலை, கிளைக்கொம்புகளோடு ஓர் ஆண் எல்க் புல்வெளி ஓரத்தில் வந்து நின்றது. நாற்பது மீற்றர் இருக்கும். விடலாமா என்று கண்ணால் கேட்டேன்.

அண்ணை என் காதருகே, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "தூரத்தை நீயே முடிவெடு. பட்ட இடத்தை மட்டும் இந்தமுறை உண்மையாச் சொல்லு."

வில்லைத் தாழ்த்தினேன். எல்க் சாவகாசமாக மேய்ந்துவிட்டுப் போனது. அண்ணை இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் எடுத்துக் கதைக்கிறார், பிள்ளைகளை விசாரிக்கிறார். அந்த மானைக் கொன்றது நான்தான் என்று இதுவரை அவரிடம் சொன்னதில்லை. அவருக்குத் தெரியும் என்பதையே சாட்டாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.