அப்பா பிறந்த ரயில்

விழுப்புரம்–பாண்டிச்சேரி ரயில் லைனுக்குப் பெரிய சரித்திரம் இருக்கு. எங்க வீட்டுக்கு வேண்டியது அதுல கொஞ்சம்தான். ஊர் பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்தப்ப எல்லையில வண்டிய நிப்பாட்டி, சுங்கக்காரங்க மூட்டையெல்லாம் பிரிச்சுப் பாப்பாங்க. பிரசவத்துக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், விழுப்புரம் பக்கம் இருக்குற அம்மா வீட்டுக்குப் போன எங்க வீட்டுப் பொம்பளைங்க, வலி எடுக்குறதுக்குள்ள ரயிலேறித் திரும்பிடுவாங்க. பிள்ளை பிரெஞ்சு மண்ணுல பொறக்கணும்.

எங்கப்பா கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு. ரயில்லயே பொறந்துட்டாரு. வில்லியனூர் தாண்டித்தான், அதாவது பிரெஞ்சு மண்ணுலதான்னு வீட்ல பேச்சு. மேரிங்கற பிரெஞ்சு நகராட்சி ஆபீஸ்லயும் பாண்டிச்சேரின்னே பதிஞ்சுட்டாங்க.

பிரெஞ்சுக்காரன் போனப்ப ஒரு சட்டம் வந்துச்சு. பாண்டிச்சேரியில பொறந்த பிரெஞ்சுப் பிரஜைங்க பிரெஞ்சாவே இருக்கோம்னு ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுத்தாத்தான் பிரெஞ்சு. தாத்தா நாளைக்கு, நாளைக்குன்னே ஆறு மாசத்தை ஓட்டிட்டாரு. அப்பா இந்தியர் ஆயிட்டாரு. இன்னிக்கும் ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாளுக்குக் கோட்டு போட்டுக்கிட்டுப் போயி, ரோட்டோரமா நின்னு அணிவகுப்பப் பாத்துட்டு வர்றாரு. எனக்கு எரிச்சலா வரும். பாவமாவும் இருக்கும்.

பாண்டிச்சேரியில சாரம்ங்கற எடத்துல நான் பிரெஞ்சுப் பத்திரம் மொழிபெயர்க்குற கடை வச்சிருக்கேன். அந்தச் சட்டத்துல இன்னொரு வரி உண்டு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்: பாண்டிச்சேரிக்கு வெளியில பொறந்த பிரெஞ்சுப் பிரஜைங்க ஒண்ணும் எழுதிக் குடுக்க வேணாம். அவங்க பாட்டுக்குப் பிரெஞ்சுதான்.

போன மாசம் அப்பா, அவரோட அக்கா, நான் மூணு பேரும் விழுப்புரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு பாசஞ்சர்ல திரும்பினோம். சின்னபாபுசமுத்திரத்துல வண்டி நின்னுச்சு. அத்தை ஜன்னல் வழியா பாத்துட்டு, "இங்கதாண்டா நீ பொறந்த," ன்னாங்க. "எல்லைக்கு இந்தப் பக்கம். பிரெஞ்சு மண்ணு இல்ல."

"ஏன் அத்தை இத்தினி வருஷமா சொல்லல?"

"அம்மா சத்தியம் வாங்கிச்சு. தெரிஞ்சா இவன பிரெஞ்சு இல்லன்னுடுவாங்களாம்."

நான் அந்த இன்னொரு வரிய அப்பாவுக்குச் சொன்னேன். உண்மையச் சொல்லியிருந்தா அவரு சாகுற வரைக்கும் பிரெஞ்சு. கத்தப்போறாருன்னு நெனச்சேன். அவரு பிளாட்பாரத்தையே பாத்துட்டு, "அம்மா கூட யாரு இருந்தா?" ன்னு கேட்டாரு.

"ஒரு மீன்காரம்மா உன்னப் புடிச்சா. சுங்கக்காரனுக்குக் கேட்டா எறக்கி விட்டுருவான்னு, நான் அம்மா வாயப் பொத்திக்கிட்டிருந்தேன். எனக்கு ஏழு வயசு."