அசைவு குறைந்த கிழமை

எங்கள் வீட்டில் எது எந்தக் கிழமை நடந்தது என்று என்னைத்தான் கேட்பார்கள். தண்ணீர் மோட்டார் பழுதானது, எதிர் ஃபிளாட்டுக்காரர் காலி செய்தது, எல்லாவற்றையும் கிழமையோடு சொல்வேன். என் மகளின் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோன அந்த வாரத்தை மட்டும் இன்றுவரை என்னால் வரிசைப்படுத்த முடியவில்லை.

ஒன்பதாம் மாதம், பெருங்குடியில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. அன்று புதன். முடிந்த கையோடு பிரசவத்துக்காக அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். சனிக்கிழமை காலை, "அப்பா, அசையற மாதிரியே தெரியலை" என்றாள். அடையாறில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்த டாக்டர், துடிப்பு இல்லை என்றார். பெண் குழந்தை. காரணம் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

வீடு திரும்பியதிலிருந்து "நான் கவனிக்கலை" என்பதைத் தவிர மகள் வேறு எதுவும் பேசவில்லை. சம்பந்தியம்மா ஸ்பீக்கர் போனில் அழுதுகொண்டே, "எங்க வீட்டை விட்டுக் கிளம்பறப்ப உதைச்சுக்கிட்டு இருந்த புள்ளை. உங்க வீட்டுக் காத்து என்ன காத்தோ!" என்றார். என் மனைவி விடுவாளா? "ஊரையே கூப்பிட்டு, நெறைமாசக்காரியை மணிக்கணக்கா மணையில உக்கார வெச்சது யாருங்க?" எல்லாம் உள்ளறைக்குக் கேட்கும். அங்கே மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தன்னால்தான் போயிற்று என்று முடிவே கட்டிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

மாநகராட்சி சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்தது அதற்கு அடுத்த வாரம். பழைய நகராட்சி அறிக்கைகளைத் தேடிப் படிப்பவன் நான். சிசு மரண அட்டவணைகளில் விரலை ஓட்டியபடி, அரசாங்கம் இதையெல்லாம் எண்ணத் தொடங்கியதே பெரிய காரியம் என்று நண்பர்களிடம் பேசியிருக்கிறேன். இப்போது வீடு தேடி வந்து விசாரிக்கிறார்கள் என்பதும் படித்ததுதான். ஆனாலும் அந்த அம்மாளை வாசலில் பார்த்ததும், எதற்காக வந்திருக்கிறார் என்றே எனக்குப் புரியவில்லை. மனைவி கதவைப் பாதி மூடிக்கொண்டு நின்றாள்.

"தப்பு கண்டுபுடிக்க வரலம்மா. இன்னா ஆச்சுன்னு தெரிஞ்சாதானே அடுத்த புள்ளைங்களையாச்சும் காப்பாத்தலாம்?"

"நாங்க கர்ப்பத்தைப் பதிவு செஞ்சது பெருங்குடியில" என்றேன்.

"தெரியும் சார். கணக்கு அந்த ஏரியா சிஸ்டருது. பொண்ணு இங்க கீதுன்னு கேள்வி கேக்க என்னை அனுப்பிட்டாங்க. அந்த வூட்டுக்கு அவங்க போவாங்க."

மனைவி கதவை முழுதாகத் திறந்தாள். "அங்கயும் கேப்பாங்களா? நல்லாக் கேக்கச் சொல்லுங்க."

மகள் எழுந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சாப்பிட்ட மாத்திரை என்று கேட்டுக்கொண்டே வந்த நர்ஸ், "அசைவு எப்போ குறைஞ்சுது?" என்றார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்" என்றேன்.

"இல்லைங்க, வியாழன்" என்றாள் மனைவி. "அன்னிக்கே சோறு வேணாம்னா."

"அது வெயிலுக்கு. வெள்ளிக்கிழமை நல்லாத்தானே இருந்தா?"

"புதன் ராத்திரி கார்ல வரப்பவே முகம் வாடியிருந்துது. அப்படின்னா பெருங்குடியிலேயே..."

"சார்," என்று நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "புள்ளை வயித்துல இருந்தது உங்களுக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியவில்லை. மகள் தலை நிமிர்ந்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே இருங்க" என்றாள். அத்தனை நாளில் அவள் பேசிய முதல் புது வார்த்தை அது.

மாடிப்படியில் போய் உட்கார்ந்தோம். மனைவி வியாழன் என்பதற்கு இன்னும் இரண்டு ஆதாரம் சொன்னாள். நான் வெள்ளியை விடவில்லை. பேசப் பேச, எது நான் பார்த்தது, எது பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டது என்று எனக்கே பிடிபடாமல் போயிற்று. மகள் தட்டை ஒதுக்கி வைத்தது நினைவிருக்கிறது. அது எந்த நாள் தட்டு?

நர்ஸ் வெளியே வந்து தண்ணீர் கேட்டார். "காரணம் ஏதாவது தெரிஞ்சுதா?" என்றேன்.

"நான் கேட்டு எழுதிக்கினு போறவ சார். கமிட்டியில டாக்டருங்க உக்காந்து பாப்பாங்க. சிலது அவங்களுக்கும் தெரியறதில்ல."

"எங்க வீடா, அந்த வீடான்னாவது..."

"அப்படி ஒரு கேள்வியே என்கிட்ட இல்லியே!" என்றார் குழப்பத்தோடு. செருப்பை மாட்டிக்கொண்டு, அடுத்த முகவரிக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று என்னிடமே வழி கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

உள்ளே மகள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். துண்டை எடுத்துக் கொடுத்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "எந்தக் கிழமைன்னு சொன்னேம்மா?"

அவள் முகத்தைத் துடைத்துவிட்டுத் துண்டைக் கொடியில் போட்டாள்.

"தெரியலைன்னு சொன்னேன்ப்பா. எனக்கு நிஜமாவே தெரியலை. யோசிச்சுச் சொல்லுன்னு திரும்பக் கேப்பாங்கன்னு நினைச்சேன். அவங்க 'தெரியலை'ன்னே எழுதிக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க."