இடது இடுப்பு நீங்கலாக

1. கொத்தனார்

மெடிக்ளெய்ம் பாலிசி விற்பவன் முதலில் பழக வேண்டியது, முன்பின் தெரியாதவரிடம் "உங்களுக்கு என்னென்ன வியாதி?" என்று சிரித்த முகத்தோடு கேட்பது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஏஜென்ட் ஆனபோது எனக்கு அந்தச் சிரிப்பு கைவரவில்லை. கல்யாணமாகாதவன், பெண்களிடம் பஸ் நேரம் கேட்பதற்கே வியர்க்கும்.

பக்கத்து ஊரான கல்லலில் ஸ்டெல்லா டீச்சர் என் வேலையைச் சுலபமாக்கினார். நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"இடது இடுப்புல செயற்கை மூட்டு சார். சின்ன வயசுலயே மூட்டுவாதம்னு மெட்ராஸ்ல மாத்துனாக. இப்ப லூசாயிருச்சு. உள்ள வச்ச சிமென்ட் விட்டுருச்சாம். மறுபடி ஆபரேஷன் பண்ணணும், அதுக்குத்தான் பாலிசி."

"சிமென்ட்னா கொத்தனாரையில்ல கூப்பிடணும்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கைத்தடி கீழே விழும் அளவுக்கு டீச்சர் சிரித்தார். அதை எடுத்துக் கொடுத்த கணத்தில் எனக்கு ஏற்பட்ட படபடப்பு எந்தப் பாலிசியிலும் அடங்காது.

"தடியில்லாம, யாரும் பிடிக்காம ஒரு மாடி ஏறணும் சார். மோட்சமெல்லாம் அதுக்குப் பெறகுதான்" என்றார்.

2. மேனேஜர்

மேனேஜரிடம் மன்றாடினேன்.

"ஏற்கெனவே இருக்கிற கோளாறுய்யா அது. மத்த உடம்புக்கு வேணா குடுப்போம்."

அப்படியே வந்தது பாலிசி. உச்சி முதல் பாதம் வரை கம்பெனி பொறுப்பு, இடது இடுப்பு நீங்கலாக.

டீச்சர் படித்துப் பார்த்தார். "வலிக்கிற எடத்த விட்டுட்டு மத்த எல்லாத்துக்கும் தாரீக."

"வேண்டாம்னா திருப்பிக் குடுத்துரலாம் டீச்சர்."

"இருக்கட்டும். ரினியூவலுக்கு வருஷா வருஷம் நீங்கதான வருவீக, கொத்தனார் சார்?"

3. ரினியூவல்

ரினியூவலுக்குப் பிரீமியம் செக்கைத் தபாலில் அனுப்பினாலே போதும். ஆனால் எங்கள் பக்கம் ஏஜென்ட் வீட்டுக்குப் போய் வாங்குவதுதான் மரியாதை. அந்த மரியாதையை நான் கல்லலில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே காப்பாற்றினேன். வெளுத்த சட்டை, காலைப் பாசஞ்சர், டீச்சரின் அம்மா போடும் காபி. சொல்ல நினைத்ததை மட்டும் ஒவ்வொரு வருஷமும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஒரு கோடை விடுமுறையில் டீச்சர் பி.எஃப். பணத்தை எடுத்து ஆபரேஷன் செய்துகொண்டார். பார்க்கப் போனபோது, "அடுத்த ரினியூவலுக்கு நீங்க வராதீக. ஒங்க ஆபீசுக்கு நானே வருவேன்" என்றார்.

எங்கள் ஆபீஸ் இருப்பது மாடியில். படிகள் செங்குத்து, நானே பாதியில் நின்று மூச்சு வாங்குவேன். சும்மா சொல்கிறார் என்று நினைத்து, அவருக்குச் சிரமம் வைக்க வேண்டாமென்று ரினியூவல் நாளன்று வழக்கம்போலக் காலைப் பாசஞ்சரில் கல்லல் போய் இறங்கினேன்.

அம்மாதான் கதவைத் திறந்தார். "என்ன தம்பி இங்குட்டு வந்து நிக்கிறீக? அவ ஒங்களப் பாக்கத்தான காரைக்குடி போயிருக்கா! திருச்சிக்கு மாத்தலாகிருச்சு. நேர்ல சொல்லிட்டு, அப்படியே பஸ் ஏறிருவேன்னு போனா."

அன்றைக்குக் கல்லலில் திரும்பும் பஸ்ஸும் நேரத்துக்கு வரவில்லை. ஆபீஸ் வந்து சேர்ந்தபோது மேசையில் செக் இருந்தது. எதிரில் நாற்காலி காலியாக இருந்தது.

பியூன் சொன்னார்: "ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தாக சார். கம்பியக்கூடப் பிடிக்காம ஏறி வந்தேன்னு கொத்தனார்ட்ட சொல்லச் சொன்னாக. நம்ம ஆபீசுல யாரு சார் கொத்தனாரு?"

டீச்சரின் பாலிசி பிறகு திருச்சிக் கிளைக்கு மாறிப்போனது. புதிதாக வரும் ஏஜென்ட்டுகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வாடிக்கையாளர் தன் உடம்பைப் பற்றிச் சொல்வதை நம்பித்தான் இந்தத் தொழில் நடக்கிறது. அதே ஆள் "நானே வருவேன்" என்று சொன்னால், அதையும் நம்பி, அன்றைக்கு மட்டும் எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருங்கள்.