மேசையின் அடிப்பக்கம்

தெருவில் எல்லோரும் அவரை டிகிரி என்றுதான் கூப்பிடுவார்கள். சாதாரண நாளில் அந்தப் பெயரில் கொஞ்சம் கிண்டல் இருக்கும்; ஏதாவது விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தால் அதே பெயரில் மரியாதை வந்து ஏறிக்கொள்ளும். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர். வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது கண்ணாடி போட்ட அந்தச் சான்றிதழ்தான். சுவர்க்கடிகாரம்கூட அதற்கு வழிவிட்டு ஓரமாய்த்தான் தொங்கும்.

பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் தரச் சோதனை அவர் வேலை. வருகிற பாகம் ஒவ்வொன்றையும் அளந்து, மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்புக் குறி போட்டு ஒதுக்க வேண்டும். பதினோரு வருடமாக அதையே செய்கிறவருக்கு வீட்டுக்கு வந்த பிறகு கண் சும்மா இருக்குமா? ஜன்னல் திரை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. சட்டைப் பையில் சின்ன எஃகு ஸ்கேல் எப்போதும் இருக்கும். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கும் அவர் மனைவி, வாடிக்கைப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள்: “நல்லவேளை, என்னை மட்டும் அளந்து பாக்காம கட்டிக்கிட்டாரு.”

மகளுக்கு வீட்டில் சுண்டு என்று பெயர். அவளுக்கு நாலு வயது முடியப்போகிற சமயத்தில், தொழிற்சாலை மேலாளர் தன் பிள்ளைக்காக வீட்டில் அமைத்த படிப்பு மூலையைச் செல்போனில் காட்டினார். குட்டி மேசை, குட்டி நாற்காலி, சுவர் முழுக்க எழுத்துப் படங்கள். டிகிரிக்கு அன்று பிடித்த பிடி விடவே இல்லை. கல்லூரி முடிக்கிறவரை அவருக்கு மேசை என்று ஒன்று கிடையாது. மடியில் பலகை, பலகைமேல் நோட்டு. குனிந்து குனிந்து கழுத்தில் குடியேறிய வலி இன்னும் காலி செய்யவில்லை. தன் மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆசை ஆசையாய்ப் படிக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

வீடு இரண்டே அறை. நல்ல வெளிச்சம் விழுகிற ஒரே இடத்தில், ஜன்னலடியில், மனைவியின் துணி வெட்டும் மேசை நின்றது. உயரமான பழைய மேசை. அவள் மேலே வெட்ட, சுண்டு கீழே மல்லாந்து கிடப்பாள். காலையில் உள்ளே போனால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்தான் வெளியே வருவாள். பிள்ளை தூசியில் கிடக்கிறதே என்று டிகிரிக்கு வருத்தம்.

மனைவிக்குப் பின்னறையில் புது மேசை வாங்கிக் கொடுத்தார். பழையதைக் காலறுத்துப் பிள்ளை உயரத்துக்கு இறக்கிவிடலாம் என்றார். புது மேசையில் அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் ஒன்று சொன்னாள்.

“அவ அங்க ஏற்கெனவே ஒரு இடம் வச்சிருக்கா. நீங்க ஒருநாள் குனிஞ்சு பாருங்க. அறுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.”

சரி சரி என்று தலையாட்டினார். குனிய நேரம் வாய்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தைத்த துணிகளைக் கொடுத்துவர மனைவி கிளம்பினாள். சுண்டுவும் கூடப் போனாள். திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும் என்று டிகிரி கார்பெண்டரை வரச் சொல்லிவிட்டார். இருவரும் மேசையைக் கவிழ்த்தார்கள். அடிப்பலகை முழுக்கத் துணியில் குறி போடும் சாக்கால் கிறுக்கியிருந்தது. வட்டங்கள், குச்சிகள், வரிசை வரிசையாகப் புள்ளிகள், ஓரத்தில் தலைகீழாக ஒரு ‘அ’.

கார்பெண்டர் உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “பாப்பா ஏதோ எழுதியிருக்கு சார். ஒரு போட்டோவாவது எடுத்துக்குங்களேன்.”

“கிறுக்கல்தானேப்பா. ‘அ’ பாரு, தலைகீழா நிக்குது. இனிமே நேரா எழுதக் கத்துக்குவா.” சொன்னதோடு நிற்காமல் உப்புத்தாளை வாங்கி அவரே தேய்த்தார். மரம் வெளுத்து வழவழவென்று ஆகிறவரை தேய்த்தார். கார்பெண்டர் கால்களை அறுத்து மேசையைப் பிள்ளை உயரத்துக்கு இறக்கினார். மேலும் கீழும் மஞ்சள் பெயிண்ட். சுவரில் எழுத்துப் படங்கள், ஸ்கேல் வைத்து ஒட்டியவை. வண்ணப் பென்சில்கள் நீளவாரியாக. புத்தகங்கள் கிழியாமலிருக்கக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, அதற்கொரு பூட்டு. கடைசியாக, ஒவ்வொரு எழுத்துக்கும் எதிரே சரி போடக் கட்டம் வரைந்த ஒரு தாள். எட்டி நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, ஸ்கேலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்த சுண்டு, நாற்காலியைப் பார்க்கவில்லை, படங்களைப் பார்க்கவில்லை. நேரே மேசைக்கடியில் புகுந்தாள். தலைதான் நுழைந்தது. ஈரப் பெயிண்ட் முடியில் ஒட்ட, மெல்ல வெளியே வந்தாள்.

“எல்லாரும் எங்கப்பா?”

அவருக்கு விளங்கவில்லை. மனைவிக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, மகளின் முடியில் இருந்த பெயிண்டை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தபடியே சொன்னாள், கோபமே இல்லாத குரலில். யாருக்குத் துணி தைத்தாலும் சுண்டு அடியில் அவர்களை எழுதிவைப்பாளாம். ரெட்டை வட்டம், மூக்குக்கண்ணாடி போட்ட நர்ஸ் அக்கா. குடைக்குச்சி, எதிர்வீட்டுப் பெரியம்மா. துணி முடிந்தால் ஒரு புள்ளி. அளவு தப்பிப் பிரித்துத் தைத்தால் புள்ளியை அழித்துவிடுவாள். போன வாரம் நர்ஸ் அக்காவுக்கு எத்தனை முடிந்தது என்று அம்மாவுக்கே மறந்துபோனபோது, கீழேயிருந்து பதில் வந்ததாம். ‘அ’ யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. துணிப்பையில் அச்சடித்திருந்ததைப் பார்த்துப் பார்த்து, மல்லாந்தபடியே எழுதியது.

“நீளமா ஒரு கோடு இருந்திருக்குமே, பல்லுப்பல்லா குறி போட்டு. பாத்தீங்களா?”

பார்த்திருந்தார். அதுதான் எளிதில் போகவில்லை. அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது.

“அது நீங்க.”

மறுநாளே ஒரு டப்பா சாக் வாங்கி வந்தார். கட்டிலுக்கு அடியில் புதுப்பலகை ஒன்றை மாட்டி, தானும் பக்கத்தில் மல்லாந்து படுத்து, வா எழுதலாம் என்று கெஞ்சினார். சுண்டு மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் கூடப் படுத்திருந்தாள். பிறகு, தூசியா இருக்குப்பா என்று எழுந்து போனாள்.

அழிச்சாட்டியம் எதுவும் செய்யவில்லை. மஞ்சள் மேசையில் உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள், எழுதச் சொன்னால் எழுதினாள். ஆறே மாதத்தில் கட்டங்கள் அத்தனையும் நிரம்பின. பள்ளியில் சேர்த்தபோது டீச்சர் அவள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் யார் சொல்லித் தருகிறார்கள் என்று வியந்து கேட்டார். டிகிரி ஒரு வருடத்துக்கு முன்பென்றால் தெருக்கோடி வரை போய்ச் சொல்லியிருப்பார். அன்று, அவங்க அம்மாதான் என்றார்.

பின்னறைத் தையல் மெஷினின் பக்கம் சுண்டு இப்போது போவதில்லை. புது மேசைக்கு அடியில் வெட்டுத் துணிகள்தான் கிடக்கின்றன. போன வாரம் ஒரு சாயங்காலம், வீட்டுப்பாடம் முடிந்ததும், கோடில்லாத வெள்ளைத் தாள் ஒன்றை அவள் முன் வைத்தார். “உனக்கு என்ன தோணுதோ அதை வரைடா கண்ணு. எப்படி வேணும்னாலும் வரை.”

சுண்டு பென்சிலை எடுத்தாள். தாளை மேசை விளிம்புக்கு ஒட்டினாற்போல் நேராக்கினாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன வரையணும்னு நீங்களே சொல்லுங்கப்பா. தப்பாயிடும்.”

தப்பென்று ஒன்றும் இல்லை என்றார். அவள் நம்பவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நம்பும்படி சொல்ல அவருக்கும் வரவில்லை. குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சை முட்ட அவளுக்கெதிரே உட்கார்ந்தார். அவள் முதுகை நிமிர்த்தி, பென்சிலைச் சரியான விரல்களில் பிடித்து, அவர் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தாள். எவ்வளவு நேரமானாலும் அப்படியே இருப்பாள். அதைச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.