உனாய்சியின் காலிக் கூடை

சிங்காத்தோக்கா ஊர்த் திருவிழாச் சந்தையில் மழைமரத்தடி மூலை என்றால் அது உனாய்சியுடையதுதான். மரவள்ளிக்கிழங்கைத் துருவி, தேங்காய்ப்பாலும் காய்ச்சிய சர்க்கரையும் சேர்த்து, இலையில் கட்டி அவித்த வக்கலோலோவுக்கு ஜனம் அவளிடம்தான் வரும். இந்த வருஷம் மேசையில் கூடையை இறக்கினால், பக்கத்திலேயே இன்னொருத்தி அதே பொட்டலத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பேர் லோசலினி, மலைப்பக்கத்துக்காரி. பொட்டலம் பெரிசு, விலை குறைவு.

சாயங்காலம் கமிட்டிக்காரர் எபேலி வருவார். மரத்தடியில் யார் சரக்கு தீர்ந்திருக்கிறதோ அவருக்குத்தான் அடுத்த வருஷமும் இந்த மூலை. மத்தியானம் வரை அவள் கூடையை ஒருத்தரும் தொடவில்லை. பழைய ஆட்கள்கூட அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு அங்கே போய் வாங்கினார்கள்.

பொறுக்காமல் எழுந்து போய், இது என் இடம் என்று சண்டை பிடித்தாள். லோசலினி நிதானமாக, எந்த ஊர் என்று கேட்டாள். உனாய்சி தன் தீவையும் ஊரையும் சொன்னாள்.

லோசலினி விழுந்து விழுந்து சிரித்தாள். நேரே போய் உனாய்சியின் கூடையை அப்படியே தூக்கி வந்தாள்.

"நீ எனக்கு தாவு மொறடி. இத மொதல்லயே சொல்லக் கூடாதா, மீன்நாத்தம் புடிச்சவளே? இனிமே இது என்னோடது."

இரண்டு ஊரின் ஆதி முன்னோர்களும் உறவென்றால் ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் தாவு, கேலி முறை. தாவு திட்டினால் சிரிக்க வேண்டும், பொருளை எடுத்தால் விட வேண்டும். முகம் சுளித்தால் ஊருக்கே அவமானம். உனாய்சி நின்ற இடத்திலேயே மரமாகிவிட்டாள். வாய் மட்டும் சிரித்தது.

லோசலினி அதோடு விட்டாளா? தாவுவின் பண்டம், சும்மா சாப்பிடுங்கள் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் வாரிக் கொடுத்தாள். சந்தையே கூடிவிட்டது. அத்தனை கிழங்கு, அத்தனை தேங்காய், கண்ணெதிரே கரைந்து போவதை உனாய்சி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். காலிக் கூடைதான் திரும்பி வந்தது.

சும்மா தின்று வயிறு நிறைந்தவன் காசு கொடுத்து வாங்குவானா? அதன்பிறகு லோசலினியின் தட்டுப்பக்கம் ஒரு ஈகூட வரவில்லை. விளையாட்டில் அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

எபேலி வந்தார். பாதிக்குமேல் நிறைந்திருந்த தட்டைப் பார்த்தார், காலிக் கூடையைப் பார்த்தார்.

"வழக்கம்போல ஒன்னோடது தீந்துபோச்சு, உனாய்சி. மூல ஒனக்குத்தான்."

லோசலினி வாய் திறந்தாள். எல்லாம் நான் சும்மா கொடுத்தது என்று சொன்னால், தாவுவிடம் எடுத்ததற்குக் கணக்குப் பேசிய அவமானமாகிவிடும். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

உனாய்சி மெல்ல எழுந்து போய், லோசலினியின் தட்டைத் தூக்கித் தன் மேசையில் வைத்தாள்.

"நகந்து ஒக்காருடி, தாவு. மிச்சத்த நான் விக்கிறேன்."