இரண்டாவது அங்க அடையாளம்

பக்கத்து மேஜைக்காரர் என் தம்பியின் இடது கட்டைவிரலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "சார், ரெண்டாவது அடையாளத்தக் காணோம்லா?" என்றார்.

அறுபதுகளில் டிராம்பே பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில், பணியாளர் பிரிவில் இருந்தேன். விதிகள் எனக்கு மனப்பாடம். தம்பியை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். விண்ணப்பம் முழுக்க என் கையெழுத்து. அதில் அங்க அடையாளம் இரண்டு கேட்பார்கள். கழுத்தில் ஒரு மச்சம் இருந்தது. இன்னொன்றுக்கு எங்கே போவது? சண்டை போட்டவனில்லை, எங்கும் விழுந்தவனில்லை, உடம்பில் ஒரு தழும்பு கிடையாது. 'இடது கட்டைவிரலின் பக்கவாட்டில் தடித்த தோல்' என்று எழுதினேன்.

அது செல்லோ கொடுத்த காய்ப்பு. வயலினுக்குப் பெரியண்ணன் போலிருக்கும் அந்த வாத்தியத்தில் உச்ச ஸ்வரங்களுக்குப் போகும்போது கட்டைவிரலையும் தந்திமேல் கிடத்தி அழுத்த வேண்டும். தாதரில் ஒரு கோவாக்காரரிடம் கற்றுக்கொண்டான். வேலையில் சேருமுன் காலையில் சினிமா ரெக்கார்டிங். சனிக்கிழமைகளில் பார்சிக்காரர்களோடு மேற்கத்திய சங்கீதம். எப்போதாவது மாட்டுங்காவில் கச்சேரி. அங்கே மணைமேல் உட்கார்ந்து, வாத்தியத்தைத் தரையில் ஊன்றும் அடிக்கம்பியை உள்ளே தள்ளிவிட்டுத் தோடி வாசித்தான். சபா காரியதரிசி பார்த்தவுடன், "கல்யாண அண்டாவுக்கு நரம்பு கட்டிண்டு வந்துட்டியாடா?" என்றார். ஆலாபனை முடிந்ததும், "ஃபிடிலுக்கு ஜலதோஷம் பிடிச்சாப்ல இருக்கு. ஆனா தோடிதான், சந்தேகமில்லை" என்றார்.

மூன்று இடத்திலும் கூப்பிட்டார்கள். மூன்று இடத்திலும் விருந்தாளிதான். பர்மனன்ட் என்ற சொல் எங்கும் கிடையாது. அதை வாங்கிக் கொடுக்கத்தான் அலுவலகத்தில் சேர்த்தேன்.

சேர்ந்த அன்று அவனிடம் சொன்னேன்: "அரசு ஊழியர் வெளில வாசிக்கணும்னா முன் அனுமதி வேணும். புரொபேஷன்ல அதைக் கேட்டா நன்னா இருக்காது. ஒரு வருஷம் சும்மா இரு."

"சரி அண்ணா."

வருடம் முடிந்தது. நிரந்தரம் செய்யுமுன் பணிப்பதிவேட்டை ஆளோடு ஒப்பிட வேண்டும். சொந்தத் தம்பியை நானே சரிபார்ப்பது முறையல்ல என்று பக்கத்து மேஜைக்குத் தள்ளினேன். அவர் தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர். பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார்.

"பச்சப்புள்ள வெரல் மாதிரில்லா வழுவழுன்னு இருக்கு" என்றார்.

எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன். மாட்டுங்காவில் நான், மனைவி, குழந்தைகள் இருக்கும் ஒரே அறையில் ஒரு வருடமாக இவனோடு தூங்கி எழுந்திருக்கிறேன்.

"எத்தனை நாளா வாசிக்கலை?"

"சேர்ந்ததுலேர்ந்து."

"வெளில வாசிக்காதேன்னுதானேடா சொன்னேன்? ஆத்துல யார் வேண்டாம்னா?"

"ஆத்துல எங்கண்ணா? குழந்தைகள் படிக்கறதுகள். செல்லோவும் மூலையில இருக்கு. முன்னால டிரங்குப் பெட்டி மூணு. நீதான் அடுக்கினே."

குறையாகச் சொல்லவில்லை, இருக்கும் இடத்தைச் சொன்னான், அவ்வளவுதான். அந்த மூன்று பெட்டியிலும் இருந்தவை என் பழைய சுற்றறிக்கைகள்.

"ஆளு வேறன்னு எழுதிரவா சார்?" என்று சிரித்தார் திருநெல்வேலிக்காரர். என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "சும்மா சொன்னேன். செவப்பு மையில அடிச்சிட்டு, இனிஷியல் போட்டு வேற ஒண்ண எழுதிருவோம். முதுகுல மச்சம் கிச்சம் இருக்கும்லா? சட்டையக் கழத்துங்க தம்பி."

தம்பி கழற்ற ஆரம்பித்தான்.

விரலைவிட அதுதான் என்னை உலுக்கியது. ரெக்கார்டிங்கில் ஒரு கமகத்தைக் குறைக்கச் சொன்னால் அரைநாள் வாதாடுகிறவன். இப்போது பத்துப் பேர் நடுவில், சொன்னார்கள் என்பதற்காக ஒவ்வொரு பொத்தானாக அவிழ்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது பொத்தானில் கையைப் பிடித்தேன்.

"போட்டுக்கோ."

பிறகு ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதி அவன் முன்னால் வைத்தேன்.

"அண்ணா, பர்மனன்ட் ஆகப்போற சமயம்..."

"அதான் இன்னிக்கே. பர்மனன்ட் ஆயிட்டா நோட்டீஸ் காலம் ஜாஸ்தி. இஷ்டம் இல்லேன்னா கிழிச்சுப் போடு. சட்டையைக் கழட்டறதும் உன் இஷ்டம்."

இரண்டு தடவை படித்தான். பேனாவுக்காகக் கை நீட்டினான்.

"ரூல் தெரிஞ்ச மனுசன் செய்ற வேலையா சார் இது?" என்றார் பக்கத்து மேஜைக்காரர். அவர் கேட்டது நியாயம்தான்.

அன்று சாயங்காலம் பெட்டிகளை நகர்த்தினோம். செல்லோவில் ஒரு தந்தி அறுந்து சுருண்டிருந்தது. வாசிக்க இடம் வேண்டி அவன் செம்பூரில் ஒரு நண்பரின் அறைக்குப் போய்விட்டான். முதல் வாரத்தில் விரல் கொப்பளித்து, உடைந்து, தோல் உரிந்தது. ஸ்டூடியோவில் அவன் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். கடைசி வரிசையிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். கட்டைவிரலை என் முன்னால் நீட்டினான். நகத்தால் கீறிப் பார்த்தேன். வலிக்கவில்லை என்றான்.

பதிவேட்டில் 'தடித்த தோல்' என்ற அந்த வரியை யாரும் அடிக்கவில்லை.